பிரின்கெப்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

புதுச்சேரி அருகே உரோமை வணிகத் தடயங்கள் கிடைத்த அரிக்கமேடு பற்றிய கட்டுரைக்காக, உரோமை ஆட்சியாளரைக் குறித்த 'பிரின்கெப்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'முதல்வர்' என்பதைக் கடலூரிலிருந்து தாங்கள் முன்மொழிந்திருந்தீர்கள். சொற்பிறப்பு நோக்கில் அதில் குறை காண இயலாது. 'முதல்' என்று பொருள்படும் 'ப்ரீமுஸ்' என்பதும் 'எடுத்தல்' என்று பொருள்படும் 'காப்பியோ' என்பதும் கூடிப் பிறந்த சொல் அது. ஆயினும் புதுச்சேரியில் 'முதல்வர்' என்றதும் சட்டப்பேரவையோ கல்லூரியோதான் நினைவுக்கு வரும். அவை இரண்டும் பதவிகள். பிரின்கெப்ஸ் என்பதோ பதவியே அன்று. நம் சொல் தேர்வு இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

உரோமைக் குடியரசில் மூதவை (செனட்) உறுப்பினர் பட்டியலில் முதலில் எழுதப்பட்டவர் 'மூதவையின் பிரின்கெப்ஸ்' எனப்பட்டார். விவாதத்தில் முதலில் கருத்துச் சொல்லும் சிறப்பு அவருக்கு உண்டு. ஆணையிடும் அதிகாரம் அவ்விடத்தால் வருவதில்லை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெறுபவரின் நிலைக்கு இது நெருக்கமானது. பெயர்ப் பட்டியலில் முதலிடமே ஒரு பெருமை என்பதைத் தில்லைவாழ் அந்தணரை முதலில் வைத்துத் தொடங்கும் திருத்தொண்டத் தொகையை அறிந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

உரோமின் முதல் பேரரசராகக் கருதப்படும் அகஸ்டஸ் கி.மு. 28இல் அந்த முதலிடத்தைப் பெற்றார். படைகளையும் மாகாணங்களையும் ஆளும் அதிகாரமும், கி.மு. 23இல் கிடைத்த மக்கள் காவலர் (திரிபூன்) அதிகாரமும் அவருக்குத் தனித்தனியே வழங்கப்பட்டவை. பிரின்கெப்ஸ் என்ற பெயரோ அவற்றுக்கெல்லாம் மேலே விரித்த ஒரு பண்பான போர்வை. செல்வாக்கில் எல்லாரையும் விஞ்சியதாகவும், அதிகாரத்தில் உடன் பதவி வகித்தோரைவிடத் தமக்கு மிகுதி இல்லையென்றும் அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் பொறித்து வைத்தார். ஆகவே அவரைப் 'பேரரசர்' என்று மட்டும் எழுதினால், அவர் எதை மறைத்து ஆண்டார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

குழுவில் வந்த 'முதற்குடிமகன்' நல்ல முயற்சி. எனினும் குடியரசுத் தலைவரை நாட்டின் முதல் குடிமகன் என்றும் மேயரை நகரின் முதல் குடிமகன் என்றும் செய்தித்தாள்கள் நாளும் எழுதுவதால் அதுவும் பதவியின் நிழலில்தான் நிற்கிறது. பொருளில் மிக அருகில் வருவது 'முதலியார்'. இலங்கையில் குடியேற்ற ஆட்சியாளர்கள் அதை ஓர் அலுவற்பெயராகவே வழங்கினர். இன்று தமிழ்நாட்டில் அது சாதிப்பெயராக நிலைத்துவிட்டதால் நாம் தொட முடியாது. 'முனைவன்' என்ற அழகிய சொல்லைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. பல்கலைக்கழகங்கள் அதை 'முனைவர்' என்று முன்பே எடுத்துக்கொண்டன.

எனவே 'முதன்மையர்' என்பதை முன்வைக்கிறேன். எந்த இருக்கையையும் அது சுட்டவில்லை. நிலையை மட்டும் சுட்டுகிறது. கி.மு. 27 முதல் கி.பி. 284 வரையிலான காலத்தை 'முதன்மையர் ஆட்சி' எனலாம். பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய பிற்கால முறைக்கு வரலாற்றாசிரியர்கள் இட்ட பெயர் 'தோமினுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அடிமையை உடையவன் என்பது அதன் பொருள். அதை 'ஆண்டான் ஆட்சி' என்றால் 'ஆண்டான் அடிமை' என்ற நம் வழக்கே பாதி விளக்கத்தைத் தந்துவிடும். தம்மைத் தோமினுஸ் என்று அழைப்பதை அகஸ்டஸ் வெறுத்தார் என்ற செய்தியும் அப்போது தெளிவாகப் புரியும்.

பிரின்கெப்ஸ் என்ற சொல் நமக்கு அயலானது என்று எவரும் கருத வேண்டாம். தென்னிந்தியாவில் மிகுதியாகக் கிடைத்துள்ள உரோமை வெள்ளிக்காசு வகைகளுள் ஒன்று, இன்றைய லியோன் நகரில் அகஸ்டஸ் அடித்தது. அவர் தத்தெடுத்த பேரர்களான காயுஸ், லூசியுஸ் இருவரும் கேடயங்களோடு நிற்க, அவர்களை 'இளைஞரின் பிரின்கெப்ஸ்' என்று அதன் எழுத்துகள் குறிக்கின்றன. ஐரோப்பிய மொழிகளில் இச்சொல் அரசமகனைக் குறிக்கலானதற்கு ஒரு தொடக்கம் இங்கே தெரிகிறது. காசை விளக்கும் குறிப்பில் 'இளவரசர்' என்று எழுதாமல் 'இளைஞருள் முதன்மையர்' என்றே எழுத வேண்டும் என வலியுறுத்துகிறேன்.

உரோமைப் படைப்பிரிவில் மட்டும் 'முதன்மையர்' உதவாது. அங்கே பிரின்கிபெஸ் (பிரின்கெப்ஸ் என்பதன் பன்மை) எனப்பட்டோர் மூன்று வரிசைகளுள் இரண்டாவதில் நின்றவர்கள். முன்வரிசைக்குத் தூசி, பின்வரிசைக்குக் கூழை என்ற பழஞ்சொற்கள் நம்மிடம் உள்ளன. நடுவே நின்றோரை 'இடையணியினர்' எனலாம்.

எஞ்சியிருப்பது பிரின்கெப்ஸ் என்ற சொல்லின் பதிப்புலக வழக்கு. எனக்கு இதில்தான் ஆர்வம் மிகுதி. இங்கே பிரெஞ்சு படித்தவர்கள் 'எதிசியோன் பிரன்செப்ஸ்' என்பார்கள். கையெழுத்துச் சுவடிகளில் மட்டும் வாழ்ந்த ஒரு நூல் முதன்முறையாக அச்சேறும் பதிப்பு அது. 1894இல் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட புறநானூறும், 1887இல் சி.வை.தாமோதரம் பிள்ளை வெளியிட்ட கலித்தொகையும் இவ்வகையின. 'முதல்நூல்' என்று பெயர்த்தால் வழிநூலுக்கு எதிரான இலக்கணக் குறியீட்டோடு மோதும். 'முதற்பதிப்பு' என்றாலோ நேற்று வெளிவந்த புதினத்துக்கும் அது பொருந்தும். வள்ளலார் வாழ்ந்த காலத்திலேயே 1867இல் அச்சான திருவருட்பாவை முதற்பதிப்பு என்பதே போதும். புறநானூற்றுக்கு அது போதாது. பதிப்பாசிரியர் ஒப்பிட்ட ஏடு பின்னர் அழிந்துபோயிருந்தால் அந்த அச்சுப்படியே ஏட்டின் இடத்தில் நின்று பாடவேறுபாட்டுக்குச் சான்றாகிறது. இத்தகைய பதிப்பை 'முதலச்சு' என்று அழைக்கலாமா? ஏட்டுச்சுவடிகளோடு நெடுங்காலம் பழகிய தாங்கள் இச்சொல் பதிப்புரைகளில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறதா என்பதைப் பார்த்துச் சொன்னால், அதன்பின் பட்டியலில் சேர்க்கிறேன்.