ஒரே நாளில் மூன்று மியூசியம்: மூன்றாவது ஏன் மனதில் நிற்கவில்லை?

கேள்வி (கால்வலிப் பயணி):
நேற்று பெர்லினில் அம்மாவும் நானும் காலை பத்து மணிக்கு நொயஸ் மியூசியத்தில் நுழைந்தோம். பழைய எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் சிலை முன்னால் மட்டும் அரை மணி நேரம். அந்த அறையில் படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் சும்மா நின்று பார்த்தேன். இடது கண்ணில் கருவிழி கிடையாது, வெறும் வெள்ளை. அது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அப்புறம் பக்கத்திலிருக்கும் ஆல்டஸ் மியூசியம். இருநூறு படம் எடுத்திருப்பேன். இப்போது பார்த்தால் கிரேக்கக் குடங்கள் எல்லாம் ஒரே குடமாகத் தெரிகின்றன. கடைசியாக, கிழக்கு ஜெர்மனி வாழ்க்கையைக் காட்டும் டிடிஆர் மியூசியம். அங்கே டிராபன்ட் காரில் ஏறி உட்காரலாம். அம்மா உட்கார்ந்தார், "நீ பார்த்துட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்றுவிட்டார். நான் என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பெர்கமான் மியூசியம் போகலாமா?

பதில் (பெர்லின்வாசி):
பெர்கமான் புதுப்பிப்பு வேலைக்காக 2023 அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். வீணாக நடக்காதீர்கள்.

நொயஸில் மேல்மாடிக்குப் போனீர்களா? தங்கத் தொப்பி பார்த்தீர்களா? சுமார் 3000 ஆண்டு பழையது, முக்கால் மீட்டர் உயரம், எடையோ அரைக் கிலோகூட இல்லை. அதில் தட்டியிருக்கும் வட்டங்கள் சூரிய, சந்திர நாட்கணக்கு என்று சொல்கிறார்கள். எங்கே தோண்டி எடுத்தது என்று தெரியாது, 1996-இல் வாங்கியது. பலர் நெஃபர்டிட்டியோடு திரும்பிவிடுகிறார்கள்.

பதில் (வரலாற்றுப் பைத்தியம்):
நடப்பதைவிட நிற்பதுதான் காலைக் கொல்லும். நான் லிஃப்டில் நேரே உச்சிக்குப் போய் இறங்கிக்கொண்டே வருவேன். பெஞ்சைக் கண்டால் வலிக்கிறதோ இல்லையோ உட்கார்ந்துவிடுவேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா என்று நுழைவாயிலில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, நொயஸ் வெளியே தூண்வரிசையைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் பட்ட குண்டுத் தழும்புகளை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். டிக்கெட்டே வேண்டாம்.

கால்வலிப் பயணி:
தொப்பியா! நெஃபர்டிட்டியைப் பார்த்ததும் அம்மா "போதும்டா" என்றார், இறங்கிவிட்டோம். சரி, நாளை மறுபடி நொயஸ் மட்டும். அம்மா வெளியே தூணோரம் உட்கார்ந்துகொள்கிறாராம்.