புதுப்பிப்பு: பாளையங்கோட்டை மாதிரியில் கிடைத்த பாக்டீரியா புதுசுதானா?

பாளையங்கோட்டைக்காரர் ஒருவரின் மல மாதிரியில் வளர்த்தெடுத்த குடல் பாக்டீரியா, இனம் காண உதவும் 16எஸ் மரபணுவில், ஏற்கெனவே தெரிந்த இனத்தோடு 98.1% தான் ஒத்துப்போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். 98.7%-க்குக் கீழே என்றால் புது இனம்தான் என்று அதைப் படித்த நீங்கள் சொன்னீர்கள். நானும் நம்பி, கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவசரம்.

முழு மரபணுத் தொகுதி வந்தபோது அதில் இரண்டு பாக்டீரியாவின் டிஎன்ஏ கலந்து கிடந்தது. வளர்ப்புத் தட்டில் ஒரே புள்ளியாகத் தெரிந்தது உண்மையில் இரட்டைக் குடித்தனம்! திரும்ப ஆக்சிஜன் இல்லாப் பெட்டிக்குள் கைவிட்டு, தட்டில் பாக்டீரியாவைக் கோடு கோடாக இழுத்து, மூன்று முறை பிரித்தேன். மூன்றாம் நாள்தான் குண்டூசித் தலை அளவில், சாம்பல் வெள்ளையில் எட்டிப் பார்த்தது. வெளிக்காற்று பட்டால் செத்துவிடும், அப்படியொரு செல்லப்பிள்ளை.

சரி, சுத்தமான மரபணுத் தொகுதியை ஒப்பிட்டால் நெருங்கிய உறவு பாக்டீரியாவோடு டிஎன்ஏவின் சராசரி ஒற்றுமை 91% தான். ஒரே இனம் என்று சொல்ல 95-96% வேண்டும். ஆக, புதுசுதான். அல்வா வீண்போகவில்லை.

அப்புறம் பெயர். தாமிரபரணியை வைக்க ஆசை. லத்தீன் வால் ஒட்டினால் நாக்கு சுளுக்குகிறது. பெயர் முறைப்படி செல்ல, வகை மாதிரியை (அந்தப் பெயருக்கு ஆதாரமான உயிருள்ள வளர்ப்பை) இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் வைத்தாக வேண்டும். உள்நாட்டுக்கு அனுப்பியாயிற்று. வெளிநாட்டுக்கான அனுமதித் தாள்கள் மேஜையில் கிடக்கின்றன.