பழைய ஃபோர் வீல் பிக்கப்: கியர் ஆயில் எல்லாம் நாமே பார்க்கலாமா?

மலைரோடு:
கோத்தகிரி பக்கம் 2003 மாடல் ஃபோர் வீல் பிக்கப் ஒன்று வாங்கினேன். என்ஜின் ஆயில் மாற்றியாச்சு. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் சக்தியை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவிலுள்ள கியர் தொகுதி) இதெல்லாம் கடைசியாக எப்போது திறந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. நானே பார்க்கலாமா?

ஸ்பேனர்செட்:
தாராளமாக. ஆனால் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் பிளக்கைத் தொடும் முன் மேலே உள்ள, ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்து அசையாமல், இரண்டு நாள் வண்டியை ஷெட்டிலேயே போட்டுவைத்தேன். சமதரையில் நிறுத்தி, சுண்டுவிரலை ஃபில்லர் ஓட்டைக்குள் விட்டால் கீழ் விளிம்பிலேயே ஆயில் தட்டுப்பட வேண்டும். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஓடைக்கரை:
தண்ணீர் என்றால் ஆக்சில் மேலிருக்கும் பிரீதரை (காற்று போய்வரும் துளை) பாருங்கள். அது மண் அடைத்திருந்தால், சூடான ஆக்சில் ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

மலைரோடு:
சரி, எல்லாவற்றுக்கும் ஒரே 90 ஆயில் போதும் என்கிறார் கடைக்காரர்?

ஸ்பேனர்செட்:
மேனுவலைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். 90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும்தான்; ஜிஎல் என்ற தர வகையும் பொருந்த வேண்டும். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5. பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் சுலபமாக விழ உதவும் வளையம்) உள்ள கியர்பாக்ஸ் பலவற்றுக்கு ஜிஎல்-4தான். அப்புறம், கியர்பாக்ஸில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போயிருக்கலாம். காந்தம் உள்ள டிரெய்ன் பிளக்கில் கரும்பசை இருந்தால் துடைத்துவிடுங்கள், இரும்புத் துண்டு இருந்தால் படம் போடுங்கள்.