வொர்க்_மெம் 256 எம்பி: மாதக் கடைசி நாளில் நின்றுபோன சர்வர்

தொடங்கியவர்

சர்வர் அமைப்பை மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்தை நான்கு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸில் ஓடும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள், 15ஆம் பதிப்பு. நினைவகம் 64 ஜிபி, அதில் எல்லா இணைப்புகளும் பகிரும் ஷேர்டு_பஃபர்ஸுக்கு 16 ஜிபி, ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 300. மாதாந்திர விற்பனை அறிக்கை வர இருபது நிமிடம் ஆகிறது என்று கணக்குப் பிரிவில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். எங்கே தாமதம் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். வரிசைப்படுத்தும் வேலை நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தகைய வேலைக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் என்று சொல்லும் வொர்க்_மெம் அப்போது இயல்பு மதிப்பான 4 எம்பி. அதை 256 எம்பி ஆக்கினேன். அறிக்கை இரண்டு நிமிடத்தில் வந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மூன்று வாரம் கழித்து, மாதக் கடைசி நாள் காலையில், பில் போடும் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் இணைப்பை இழந்தன. சர்வரின் பதிவேடான லாக்கில், ஒரு சர்வர் புராசஸ் (ஓர் இணைப்பைக் கவனிக்கும் நிரல்) சிக்னல் 9, அதாவது உடனே கொல்லும் ஆணை, வாங்கி முடிந்தது என்று ஒரு வரி இருந்தது. நினைவகம் தீர்ந்துபோனதால் லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. செத்தது ஒன்றுதான். ஆனால் ஒரு புராசஸ் இப்படி அகாலமாகச் செத்தால், எல்லோரும் பகிரும் நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி, மற்ற எல்லா இணைப்புகளையும் போஸ்ட்கிரெஸ் தானே துண்டித்துவிட்டு, மீட்பு வேலையை முடித்த பிறகுதான் கதவைத் திறக்கும். அந்த நேரம் முழுவதும் கவுன்டரில் லாரிக்காரர்கள் பில்லுக்காகக் காத்து நின்றார்கள்.

வொர்க்_மெம் என்பது சர்வர் முழுவதற்குமான அளவு அல்ல, ஓர் இணைப்புக்கான அளவும் அல்ல. ஒரு குவெரிக்குள், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரு கேள்விக்குள், நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியே அந்த அளவு வரை உரிமை உண்டு. தரவைப் பொருத்தவோ தொகுக்கவோ ஹாஷ் அட்டவணை கட்டும் வேலையாக இருந்தால் 15ஆம் பதிப்பிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு. 300 இணைப்புகளும் ஆளுக்கு ஒரே ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 75 ஜிபி வருகிறது. இந்தப் பெருக்கலை நான் மாற்றுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

உடனே அமைப்புகள் இருக்கும் postgresql.conf கோப்பைத் திறந்து 8 எம்பி என்று எழுதி, சர்வர் அதை மறுபடி படிக்கும்படி ரீலோட் செய்தேன். நடப்பு மதிப்பைக் காட்டும் ஷோ கட்டளை கொடுத்தால் 256 எம்பி என்றே காட்டியது! மறுபடி ரீலோட் செய்தேன், அப்போதும் 256. பிஜி_செட்டிங்ஸ் என்ற அமைப்புகளின் பட்டியலில், மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும் சோர்ஸ்ஃபைல் என்ற பத்தியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. முதல் முறை நான் மாற்றியது ஆல்டர் சிஸ்டம் கட்டளையால். அது போய் உட்காருவது postgresql.auto.conf என்ற வேறொரு கோப்பில். அந்தக் கோப்பு கடைசியாகப் படிக்கப்படுவதால் அதில் இருப்பதே நிற்கும். ஆல்டர் சிஸ்டம் ரீசெட் கொடுத்து, மறுபடி ரீலோட் செய்ததும் 8 எம்பிக்கு வந்தது.

மறுமொழி 1

எங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். என் முன்னோடி ஒருவர் கோப்பில் வொர்க்_மெம் = 64 என்று அலகே இல்லாமல் எழுதிவிட்டுப் போயிருந்தார். 64 எம்பி என்று நினைத்திருப்பார். அலகு எழுதாவிட்டால் போஸ்ட்கிரெஸ் அதைக் கேபியாக எடுத்துக்கொள்ளும். 64 கேபி என்பது அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவு என்பதால் பிழைச் செய்தியும் வராது. சிறிய அறிக்கைகூட தற்காலிகக் கோப்புகளை எழுதிக் குவித்தது. புதிய டிஸ்க் வாங்க விலைப்புள்ளி கேட்கும் வரை போய்விட்டோம். தற்காலிகக் கோப்புகளை லாக்கில் பதியச் செய்யும் லாக்_டெம்ப்_ஃபைல்ஸை 0 ஆக்கிய பிறகுதான் எத்தனை கோப்புகள் என்பது கண்ணில் பட்டது. ஷேர்டு_பஃபர்ஸில் அலகு விட்டுப்போனால் அதே எண் 8 கேபி பக்கங்களின் எண்ணிக்கையாகிவிடும். ஆகவே எண்ணோடு அலகை ஒட்டியே எழுதுங்கள், எம்பி என்றால் MB என்று இரண்டும் பெரிய எழுத்தில்.

மறுமொழி 2

நண்பரே, உங்கள் சர்வர் நின்றது உடனே தெரிந்துவிட்டது. எங்களுடையது நிற்கவே இல்லை, அதுதான் கொடுமை.

பதினான்காம் பதிப்பு. முதன்மைச் சர்வர் ஒன்று, அதன் நகலாக ஸ்டான்ட்பை ஒன்று. இருப்பு விவரத் திரைகள் எல்லாம் ஸ்டான்ட்பையிலிருந்து படிக்கும். புதிய செயலி ஒன்று வந்ததால் முதன்மையில் மட்டும் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 100லிருந்து 250 ஆக்கி, இரவில் ரீஸ்டார்ட் செய்தேன். மறுநாள் மதியம் கிடங்கிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். “தம்பி, காலையிலிருந்து நாற்பது மூட்டை ஏற்றிவிட்டோம், திரையில் இருப்பு குறையவே இல்லையே?” என்றார். ஸ்டான்ட்பை தரவைப் பெற்றுக்கொண்டே இருந்தது, ஆனால் தன்னில் ஏற்றாமல் நிறுத்தி வைத்திருந்தது. முதன்மையைவிடத் தன் அளவு குறைவாக இருப்பதால் மீட்பை, அதாவது வந்த தரவை ஏற்றும் வேலையை, இடைநிறுத்தியதாக லாக்கில் ஓர் எச்சரிக்கை. பழைய பதிப்புகளில் ஸ்டான்ட்பை அப்படியே நின்றுவிடும். 14 முதல் குவெரிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், பழைய தரவிலிருந்து.

கூட்டும்போது முதலில் ஸ்டான்ட்பை, பிறகு முதன்மை. குறைக்கும்போது முதலில் முதன்மை. மேக்ஸ்_வொர்க்கர்_புராசஸஸ், மேக்ஸ்_வால்_சென்டர்ஸ் உட்பட இன்னும் நான்கு அளவுகளுக்கும் இதே வரிசைதான். அந்தப் பெரியவர் அழைக்காமல் இருந்திருந்தால் மாலை வரை இல்லாத சரக்குக்கு ஆர்டர் எடுத்திருப்பார்கள். அடுத்த வாரம் நேரில் போய் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தொடங்கியவர்

ஸ்டான்ட்பை வரிசையை எங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், மிக்க நன்றி.

அறிக்கை என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டார். அறிக்கைக்கென்று தனிப் பயனர் ஒன்று உருவாக்கி, ஆல்டர் ரோல் கட்டளையால் அதற்கு மட்டும் 256 எம்பி கொடுத்தேன். முதல் நாள் பலிக்கவில்லை. அந்த மதிப்பு புதிதாகத் திறக்கும் இணைப்புக்குத்தான் பொருந்தும். எங்கள் செயலியோ பழைய இணைப்புகளையே பூலில், அதாவது திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பில், பிடித்து வைத்திருந்தது. பூலை ஒருமுறை மறுதொடக்கம் செய்ததும் சரியாயிற்று. இப்போது எதை மாற்றினாலும், செயலி நுழையும் அதே பயனராக நுழைந்து ஷோ கொடுத்துப் பார்த்த பிறகுதான் இருக்கையை விட்டு எழுகிறேன். போன மாதக் கடைசியில் அறிக்கை இரண்டரை நிமிடத்தில் வந்தது. பில் கவுன்டரிலிருந்து ஓர் அழைப்பும் வரவில்லை.