ரிவியூ பாம்பிங்: 'புள்ளிச்சூறை' எனலாமா?

> ஒரு படத்தின் இணைய மதிப்பீட்டைக் கூட்டமாகக் கீழே தள்ளும் 'ரிவியூ பாம்பிங்' என்பதற்கு 'விமர்சனக் குண்டுவீச்சு' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா? மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

வணக்கம் ஐயா.

ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குண்டுவீச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு முன்னால் நிற்கும் 'விமர்சனம்'தான் உறுத்துகிறது. படத்தைப் பார்க்காமலே, வேறு எதற்கோ கோபப்பட்டு, பல கணக்குகளில் நுழைந்து ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர் விமர்சனம் எதையும் செய்யவில்லை. அவர் செய்வதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், படம் பார்த்துவிட்டு 'நன்றாக இல்லை' என்று நேர்மையாகச் சொல்கிறவர் மீதும் அதையே ஒட்டிவிடுவார்கள்.

ஒட்டத் தொடங்கியும் விட்டார்கள். கேரளத்தில் 2023இல் இந்த ஆங்கிலச் சொல் உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், படம் வெளியாகி 48 மணி நேரம் யூடியூபர்கள் விமர்சனம் போடாமல் இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார். அதே ஆண்டு நவம்பரில் தமிழகத் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் பார்த்து வெளியே வருகிறவரிடம் கருத்துக் கேட்பதும், பார்க்காமல் கூட்டமாகத் தாக்குவதும் ஒரே பெயருக்குள் போய்விட்டன. அந்தக் கலவையை நாமும் தமிழில் செய்து வைக்கக் கூடாது.

சூப்பர்ஹீரோ படங்களில் இது பச்சையாகத் தெரியும். 2018இல் 'பிளாக் பேந்தர்' வருவதற்கு முன்பே, அதன் ரசிகர் மதிப்பீட்டைக் கீழே இறக்குவதற்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு கிளம்பியது. ஃபேஸ்புக் அதை நீக்கியது. மறு ஆண்டு 'கேப்டன் மார்வெல்'. மார்ச்சில் திரைக்கு வரவேண்டிய படத்துக்குப் பிப்ரவரியிலேயே, படங்களுக்கான மதிப்பீடுகளைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் வசை குவிந்தது. அப்போது படம் யார் கையிலும் இல்லை. நாயகி பிரி லார்சன் பேட்டிகளில் சொன்ன கருத்துகள் சிலருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெளியீட்டுக்கு முன் கருத்து எழுதும் வசதியையே அந்தத் தளம் எடுத்துவிட்டது. மே மாதத்திலிருந்து, டிக்கெட் வாங்கியதைச் சரிபார்த்துத் தனியாகப் புள்ளி கணக்கிடவும் ஆரம்பித்தது.

அதே 2019இல் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி, மார்வெல் படங்கள் தமக்குச் சினிமாவாகத் தெரியவில்லை, கேளிக்கைப் பூங்காக்களைப் போல இருக்கின்றன என்றார். ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள். எனக்கும் அவர் கருத்தில் முழு உடன்பாடில்லை. முந்தின ஆண்டு வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் அச்சுப் படக்கதையின் புள்ளியையும் கோட்டையும் திரையில் அசையவிட்ட கைத்திறனை நான் சினிமா என்றே சொல்வேன். ஆனால் ஸ்கோர்செசி தம் பெயரில் பேசினார், காரணம் சொன்னார், பிறகு விரிவாகக் கட்டுரையும் எழுதினார். விமர்சனம் என்ற பெயர் அதற்குத்தான் உரியது.

என் முன்மொழிவு: புள்ளிச்சூறை.

சூறையாடுதல் கொள்ளை, சூறைக்காற்று சுழன்றடிப்பது. ஆறலைத்தலோடு, அதாவது வழிப்பறியோடு, சேர்த்துப் பாலைநிலத்து வேட்டுவரான எயினருக்குச் சொல்லப்படும் சூறைகோளும் இந்தச் சொல்தான். கூட்டமாக வருவது, எதிர்பாராமல் பாய்வது, இருப்பதை வாரிக்கொண்டு போவது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதற்கு 'வசைமாரி' என்று வைக்கலாம் என எழுதிய அக்காவுக்கு: வசைமாரியை ஒருவர் தனியாகவே பொழியலாம். வாய் திறக்காமல், வெறும் எண்ணை அழுத்தியும் இந்த வேலையைச் செய்யலாம். அதனால் பொருந்தாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் புதுப்படம் பார்க்க ஈப்போவுக்குப் போகிறார்கள். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட், பெட்ரோல், சாப்பாடு என்று சேரும் செலவு, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர் யோசித்துச் செய்யவேண்டியது. கிளம்பும் முன் கைப்பேசியில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாளில், பக்கத்து லயத்துக்காரர் (தோட்டத்து வரிசைவீட்டுக்காரர்) சொன்னதே மதிப்பீடு. அவர் எதை ரசிப்பார், யார் கட்சி என்பது எல்லாருக்கும் தெரியும். இன்று பத்துக்கு ஆறு என்ற எண்ணின் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணைக் கெடுப்பதற்கு ஒரு பெயர் இருந்தால்தான் 'இது புள்ளிச்சூறையாக இருக்கும், நாம் போய்ப் பார்ப்போம்' என்று வீட்டில் பேசிக்கொள்ள முடியும்.

— சுங்கை சிப்புட், பேராக்

⁂

தம்பி, சூறை நல்ல சொல். ஆனால் 'புள்ளி' என்றால் எங்கள் பக்கம் கோலப்புள்ளி, இல்லையென்றால் பெரும்புள்ளி. 'மதிப்பெண் சூறை' என்று வைத்தால் என்ன? இன்னொன்று: பிடித்த நடிகர் படத்துக்கு முதல் காட்சி முடிவதற்குள் பத்துக்குப் பத்து போட்டுக் குவிக்கிறார்களே, அதை எதில் சேர்ப்பது?

— கோயம்புத்தூர்

⁂

அண்ணே, வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளித் தேர்வுத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் 'புள்ளி' என்றுதான் அச்சாகும். உங்கள் நாளிதழ்களிலும் கிரிக்கெட், கபடி என்றால் புள்ளிப்பட்டியல் வருகிறது, ஆகவே வாசகர் தடுமாற மாட்டார். 'மதிப்பெண்' என்பது மதித்துப் போட்ட எண். இங்கே மதிப்பதே நடக்கவில்லை என்பதுதானே நம் வழக்கு?

இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. அதுவும் பொய்தான், இந்தக் குடும்பங்களின் பணத்தைத்தான் அதுவும் வீணாக்குகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் செய்கிறார்கள். அன்பினால் செய்வதாகவே நம்புகிறார்கள். ஆனாலும் சூறை என்ற சொல்லுக்குள் அதை அடைக்க முடியாது. வாரிக்கொண்டு போவதற்கு மாறாக, இல்லாததை உள்ளே தள்ளுகிறார்கள். 'புள்ளித்திணிப்பு' என்று தனிச்சொல் வைக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக 'புள்ளிக் கலப்படம்'.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், ஐயா திருத்திக்கொள்ளலாம்:

புள்ளிச்சூறை (பெ.): ஒரு படைப்பைப் பார்க்காமலோ படிக்காமலோ, அதற்குப் புறம்பான காரணத்துக்காகப் பலர் கூடி, மதிப்பீட்டுத் தளத்தில் அதன் புள்ளியைக் கீழே தள்ளுதல். வினை: புள்ளிச்சூறையாடு. எதிர்ச்சொல்: புள்ளித்திணிப்பு. படைப்பைப் பார்த்த ஒருவர் எவ்வளவு குறைந்த புள்ளி கொடுத்தாலும் அது இதில் சேராது.