அக்டோபர் 2 கிராம சபைக்கு முன் ஒரு வேண்டுகோள்

வெளிநாட்டில் இருக்கும் அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

ஊரில் முதியோர் இல்லம் கட்ட நிதி திரட்டலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதிய மடலை இரண்டு மூன்று தடவை படித்தேன். அண்ணனின் நல்ல மனசு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீழத்தெரு அத்தைகளும் பெரியப்பாக்களும் தங்கள் திண்ணையை விட்டு வரமாட்டார்கள். அந்தத் திண்ணையிலிருந்து இறங்கி, கோயிலுக்கும் டீக்கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் விழாமல் போய்வர வழி இருந்தால் பாதிப் பேர் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த வழியைச் செய்து தருவது ஊராட்சியின் வேலை. கேட்டு வாங்குவது நம் வேலை.

இது எனக்கு என் மாமியாரைப் பார்த்துத்தான் புரிந்தது. 78 வயது, பினாங்கில் ஆயர் ஈத்தாமில் எங்களோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமை என்றால் குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போயே ஆகவேண்டும். அங்கிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் கூப்பிடு தூரம். ஆனால் கடைவரிசை முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதை, அஞ்சடி என்போம், கடைக்குக் கடை ஒரு உயரம். ஒன்றில் ஏறவேண்டும், அடுத்ததில் இறங்கவேண்டும், அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள் நிற்கும். அதனால் வெயிலில், கார்களுக்கு நடுவே ரோட்டில் நடப்பார். போன வருடம் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் கோயில் இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

கை கூடியதும் சமூக நலத்துறையின் முதியோர் நடவடிக்கை மையம் ஒன்றில் சேர்த்தோம். 'பாவே' என்பார்கள். காலையில் போய் உடற்பயிற்சி, ரத்த அழுத்தப் பரிசோதனை, கைவேலை, வாய் நிறையப் பேச்சு. அப்புறம் வீடு திரும்பலாம். இரவில் யாரும் தங்குவதில்லை. மாமியார் பழையபடி பேச ஆரம்பித்தது அங்கே போன பிறகுதான். மலேசியாவில் 60 ஆனவர்களை அரசுத் தாளிலேயே 'வார்கா எமாஸ்', அதாவது பொற்குடிமக்கள் என்று எழுதுகிறார்கள். அவர்களுக்கென்று 1995-லேயே தேசியக் கொள்கை வந்தது, 2011-ல் அதைப் புதுப்பித்தார்கள். 2030-ல் நாட்டில் 15 சதவீதம் பேர் 60-ஐத் தாண்டியிருப்பார்கள் என்று இப்போதே கணக்குப் போடுகிறார்கள்.

நம் கணக்கையும் பாருங்கள். மத்திய அரசின் மதிப்பீட்டில் தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021-லேயே 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம். பூட்டிய வீடுகளைக் கழித்துவிட்டு நம் தெருவை மட்டும் எண்ணினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கே பினாங்கில் மாநகர் மன்றத்துக்குத் தேர்தல் கிடையாது. 1965-ல் நிறுத்தினார்கள், 1976 சட்டத்தோடு அது முடிந்துபோனது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆனாலும் எந்த இடத்தில் என்ன வரலாம் என்று வகுக்கும் பகுதித் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்கவேண்டும் என்று சட்டம் இருப்பதால், எங்களைப் போன்றவர்கள் நடைபாதை பற்றி எழுதியாவது கொடுக்க முடிகிறது. நம் ஊரில் அதைவிடப் பெரிய கதவு திறந்தே கிடக்கிறது. வருடத்துக்கு ஆறு கிராம சபை. தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், அவர் இல்லாதபோது ஊராட்சியைப் பார்க்கும் தனி அலுவலர் இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள யாரும் எழுந்து பேசலாம். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்பது கருப்பொருள் வகுத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு உகந்த கிராமம் உண்டு, பெண்களுக்கு உகந்த கிராமம் உண்டு. முதியோருக்கென்று தனியாக ஒன்று இல்லை. சமூகப் பாதுகாப்பு என்பதற்குள் அவர்களும் அடக்கம். யாரும் கேட்காவிட்டால் அந்த வரி அப்படியே தாண்டிப்போகும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025-ல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷனும் வாசலுக்கு வருகிறது. நல்ல காரியங்கள். ஆனால் அவர்கள் வாசலைத் தாண்டி வெளியே வர என்ன இருக்கிறது? டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமே இல்லை. ஊரில் என் அம்மா ஏறுவதில்லை, முதல் படி அவருக்கு முழங்கால் உயரம். நிறுத்தத்தில் ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டினால் ஏறிவிடுவார். கோயில் படிக்கு ஒரு கைப்பிடி, வழியில் நிழலில் இரண்டு சிமெண்ட் பெஞ்ச், மூடாத சாக்கடைக்கு மூடி. சமுதாயக் கூடம் வாரத்தில் ஆறு நாள் பூட்டியே இருக்கிறது. காலையில் மட்டும் திறந்தால் அதுவே நம் ஊர் 'பாவே'.

அண்ணன், திரட்டும் பணம் வீண்போகாது. ஊராட்சி செய்ய முடியாததை, அந்தக் கூடத்துக்கு ஒரு ஆளும் மதியச் சோறும், நாம் ஏற்கலாம்.

வெளிநாட்டிலிருந்து நாம் சபையில் பேச முடியாது, ஊரில் இருக்கும் பெரியவர்கள்தான் பேசவேண்டும். செப்டம்பர் கடைசியில் நான் ஊருக்கு வருகிறேன், கூட்டிப்போகிறேன். அதற்குள் ஒவ்வொருவரும் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டு ஒன்று கேளுங்கள்: நடந்து போகும்போது எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, எங்கே உட்காரத் தோன்றுகிறது? பதிலை அவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதுங்கள். மனுவில் அப்படியே சேர்க்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் வடக்குத்தெருத் தங்கை