ஆக்டேவியா 1.9 டீசல்: ஆயில் சம்ப் விரிசல், வெல்டிங் வைக்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
வண்டி 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா டீசல். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை ஒன்றில் அடி பலமாகத் தட்டிவிட்டது. கீழே படுத்துப் பார்த்தால் ஆயில் சம்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட் பக்கத்தில் விரல் நீளத்துக்கு விரிசல், ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பட்டறைக்காரர் எம்-சீல் அப்பிவிடலாம் என்கிறார். ஆர்கான் வெல்டிங் நிற்குமா? இல்லை, புது சம்ப்தானா? பட்டறைவரை மெதுவாக ஓட்டிப் போகலாமா?

டீசல்பிரியன்:
ஓட்டவே ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள். ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சினால் டர்போவும் பேரிங்குகளும் போய்விடும். அதற்கு முன்னால் சம்ப் விலை ஒன்றுமே இல்லை.

பழைய மெக்கானிக்:
எம்-சீல் வேண்டாம் தம்பி. ஆயில் ஊறிய அலுமினியத்தில் அது பிடிக்காது. சூடாகி ஆறும்போது உரிந்து வரும். ஆர்கான் நிற்கும், ஆனால் சம்பைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட வேண்டும், இல்லையென்றால் விரிசல் மேலும் ஓடும். நன்றாகச் சூடு காட்டி ஆயிலைக் கக்கவிட்ட பிறகே வெல்டிங். அப்புறம் சம்பின் விளிம்பைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். கோணியிருந்தால் வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தும் ஒழுகும்.

என்னைக் கேட்டால் புதுசே போடுங்கள். கழற்றி மாட்டுகிற கூலி எப்படியும் ஒன்றுதானே. மேலே அலுமினியம், அடியில் இரும்புத் தகடு என்று ஒரு வகை வெளியே கிடைக்கிறது. அடிபட்டால் நசுங்கும், அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது.

ஈரோட்டுக்காரன்:
நன்றி அண்ணா. பின்பக்கம் இரண்டு போல்ட்டுக்குச் சாவியே போகவில்லை, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார் பட்டறைக்காரர்.

பழைய மெக்கானிக்:
வேண்டியதில்லை. ஃபிளைவீலில் (எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சுழலும் கனமான சக்கரம்) ஒரு வெட்டு இருக்கும். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றி அந்த வெட்டைப் போல்ட்டுக்கு நேரே கொண்டுவரச் சொல்லுங்கள், நீள எல்-கீ உள்ளே போய்விடும். கியர்பாக்ஸோடு சம்பைப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். அதைக் கவனிக்காமல் நெம்பியே சம்பை உடைத்தவர்கள் உண்டு.

இதில் காஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) கிடையாது, சிலிக்கான் சீலன்ட்தான். 2, 3 மில்லிமீட்டர் கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாக. நம் ஊர்ப் பட்டறைகளில் தாராளமாகப் பிதுக்குவார்கள். மிஞ்சியது உள்ளே உதிர்ந்து ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரை (சல்லடை) அடைக்கும். தடவிய ஐந்து நிமிடத்துக்குள் சம்பை ஏற்றிவிட வேண்டும். சின்ன போல்ட்டுகளுக்கு 15 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். ஆயில் ஊற்ற அரை மணி நேரமாவது பொறுக்கச் சொல்லுங்கள்.

டீசல்பிரியன்:
எஞ்சின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரையும் கேட்டு வாங்கி மாட்டுங்கள். பாதி வண்டிகளில் கழற்றினால் திரும்பப் போடுவதே இல்லை.